மனைவியின் பென்ஷன்

எனக்கும் என் மனைவிக்கும் அரசுப் பள்ளி ஆசிரியர் வேலைக்கான உத்தரவு ஒரே தபாலில், மார்கழி பிறந்த மூன்றாம் நாள் வந்தது. மார்கழியில் யாராவது புது வேலையில் சேருவார்களா? தை பிறக்கட்டும் என்று நான் இருந்துவிட்டேன். அவள் மறுநாளே நெரவிப் பள்ளிக்கூடத்துக்குப் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டாள்.

2004 ஜனவரி ஒன்றாம் தேதியிலிருந்து சேர்பவர்களுக்குப் பழைய பென்ஷன் கிடையாதாம். சம்பளத்தில் பிடிக்கும் பணம் பங்குச் சந்தைக்குப் போகுமாம். பேப்பரில் வந்திருக்கிறது, நான் பஞ்சாங்கத்தை மட்டும் பார்த்திருக்கிறேன். அவளுக்குச் சாகும்வரை நிச்சயம், எனக்குச் சந்தை விட்ட வழி. அவள் நிம்மதியாகக் காபி குடிப்பதைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அந்தக் கோடையில் நாடாளுமன்றத் தேர்தல். தெருவுக்கு ஓட்டுக் கேட்டு வந்த வேட்பாளரை எங்கள் வாசலிலேயே மறித்தேன். "பென்ஷன தனியார்கிட்ட விடுறதுல நீங்க எந்தப் பக்கம்? அத சொல்லுங்க."

கும்பிட்ட கையை அவர் இறக்கவே இல்லை. "நான் ஆதரிக்கிறேன் சார். பழைய ஆளுங்களுக்கு ஒரு கொறையும் வராது. புதுசா சேந்தவங்க சந்தையோட சேந்து வளருவீங்க."

அவர் நகர்ந்ததும், பின்னால் நின்ற மனைவி சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னாள்: "ஏன் இப்புடி வேகுறீங்க? எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா குடும்பப் பென்ஷன் ஒங்களுக்குத்தான வரப்போவுது?"

"வாய மூடு, என்ன பேச்சு இது!" என்று கத்தினேன்.

அதை நான் மாசி மாதமே விசாரித்து வைத்திருந்தேன்.