பெரியப்பாவின் பூட்டு

வாசல் குழாயை மாற்ற வந்த பிளம்பர் செம்பு பைப்பை உரசியதும் எழுந்த வாடையில் பெரியப்பா நினைவுக்கு வந்தார். பிரேசர் டவுனிலேயே செம்பு பைப் போட்ட வீடு தன்னுடையதுதான் என்று பீற்றிக்கொண்டு, ஞாயிறுதோறும் அதைப் புளி போட்டுத் தேய்ப்பார். யாரும் தண்ணீர் பிடிக்காதபடி குழாயைத் தகரப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டியும் இருந்தார். தேய்ந்த வாஷரை மாற்ற மட்டும் அவருக்கு மனசு வராது.

பெட்டிக்கடியில் சொட்டிய தண்ணீருக்கு எதிர்வீட்டு லட்சுமம்மா குடம் வைத்தாள்.

“திருட்டுத் தண்ணி பிடிக்கிறியா?” என்று பெரியப்பா கத்தினார்.

அவள் குடத்தை எடுக்காமல் பூட்டைக் காட்டினாள். “பீகா போட்டா ஒழுகறது நிக்குமா சார்?”

தெருவே சிரித்தது.

“பூட்டு வெச்ச டேப்பு வந்திருக்கு சார், போட்டுடட்டா?” என்றார் பிளம்பர்.

“வேணாம்பா. பூட்டி வெக்கிற அளவுக்கு இங்க இப்ப பெரிய மனுஷன் யாருமில்ல.”