முல்லையாற்றங்கரையில் ஓர் அமெரிக்க முதலாளி

மன்னார்குடியிலிருந்து முதல் நாளே கிளம்பி, மதுரையில் காலை போடி பாசஞ்சரைப் பிடித்து, தேனியில் இறங்கியபோது பகல் பதினொன்றரை. மதுரையிலிருந்து டிக்கெட் ஒரு ரூபாய் எண்பது காசு. ஆண்டிபட்டிக் கணவாய் வரை உடைமரமும் பொட்டலும்தான். கணவாயைத் தாண்டியதும் ஜன்னலில் குளிர்ந்த காற்று வந்தது. எதிரே உட்கார்ந்திருந்த வெற்றிலை வியாபாரி, "இனிமே இப்படித்தான் இருக்கும், மலைக்காத்து" என்று தன் சொந்தச் சரக்கைப் போலப் பெருமையாகச் சொன்னார்.

ஸ்டேஷனுக்கு தேவசகாயம் வந்திருந்தான். மதுரைக் கல்லூரி விடுதியில் என் அறைத் தோழன். இப்போது அப்பாவின் ஏலக்காய்க் கடையைத் தேனி பஜாரில் பார்த்துக்கொள்கிறான். அவன் ஒரு நாடகம் எழுதி, மார்க்கையன்கோட்டைக்கு அப்பால் ஓர் ஊரில் போடப்போவதாகச் சொல்லியனுப்பியிருந்தான். அந்த ஊரின் பேரை நான் எழுதப்போவதில்லை. இதில் வருகிறவர்கள் அங்கேதான் வாழ்ந்தாக வேண்டும்.

நாடகம் அமெரிக்க அடிமைகளைப் பற்றியது. நூறு வருஷத்துக்கு முன்னால் அந்த நாட்டில் அடிமை முறையை ஒழிக்கப் பாடுபட்டவர்களைப் பற்றி மிஷன் நூலகத்தில் கிடைத்ததையெல்லாம் அவன் படித்துவிட்டிருந்தான். கூட்டம் போட்டால் மண்டபத்தைப் பூட்டினார்கள், பேசினால் கல்லெறிந்தார்கள், பத்திரிகை நடத்தினால் அச்சு இயந்திரத்தை ஆற்றில் தள்ளினார்கள், அப்படியும் அவர்கள் விடவில்லை என்றான். அதைவிட அவனைப் பிடித்துக்கொண்டது வேறொன்று. அடிமை உழைப்பில் விளைந்த சர்க்கரையும் பருத்தியும் விற்பதில்லை என்று கடை நடத்திய வியாபாரிகள் அங்கே இருந்திருக்கிறார்கள். "நானும் வியாபாரிதானே. ஒரு மூட்டை ஏலக்காய் வந்தா தரம் பாப்பேன், ஈரம் பாப்பேன். யார் கையில வெளஞ்சதுன்னு ஒரு நாளும் பாத்ததில்ல" என்றான்.

மறுநாள் காலை எட்டு மணிக்குக் கம்பம் பஸ். சின்னமனூர் வரை ஒரு ரூபாய். வீரபாண்டியில் முல்லையாறு கலங்கலாக ஓடியது. இருபுறமும் வாழையும் நெல்லும் தென்னையும். சின்னமனூரில் வேறு பஸ் மாறி, இறங்கி, வாய்க்கால் கரையோடு இரண்டு மைல் நடந்தோம்.

ஆற்றை ஒட்டிய நெல் களத்தில் மேடை கட்டியிருந்தார்கள். ஆட்டம் மாலை நான்கு மணிக்கு. ஊர் வழக்கப்படி ராத்திரியில் போடாமல் ஏன் பகலில் என்று கேட்டேன். "ராத்திரின்னா கல்லெறியிறவன் முகம் தெரியாது" என்றான் தேவசகாயம்.

முக்கிய வேஷம் இரண்டு. தப்பி ஓடி, வடக்கே போய், மேடைகளில் பேசுகிற அடிமை. அவனை வைத்திருந்த பண்ணை முதலாளி. அடிமையாக நடித்தவன் செல்வம், ஊரின் பெரிய விவசாயி பெரியசாமியின் மகன். முதலாளியாக நடித்தவன் கருப்பையா. அவன் பெரியசாமியின் வெற்றிலைக் கொடிக்காலில் கூலி வேலை செய்பவன், காலனித் தெருக்காரன், இருபத்தைந்து வயதிருக்கும். முதலாளிக்கு வேண்டிய கனத்த குரல் அந்த வட்டாரத்திலேயே அவனுக்குத்தான் இருந்தது என்பதைத் தவிர, இதில் தேவசகாயத்துக்கு முதலில் வேறு எண்ணமே இல்லையாம்.

பதினோரு மணிக்குப் பெரியசாமி களத்துக்கு வந்தார். என்னை நலம் விசாரித்தார், தஞ்சாவூர்ப் பக்கம் மழை எப்படி என்று கேட்டார், வீட்டிலிருந்து காப்பி வரவழைத்தார். நான் குடித்து முடித்த பிறகுதான் விஷயத்துக்கு வந்தார்.

"நாடகத்த நான் தடுக்கல தம்பி. ஆள மட்டும் மாத்திக்கிடுங்க. அவன் நாற்காலில உக்காந்துக்கிட்டு எம்மகன ஏலேன்னு கூப்புடுறத இந்த ஊரு பாக்காது."

இரண்டு பேரும் வேஷத்தை மாற்றிக்கொள்ளலாம் என்றார். இல்லாவிட்டால் வெளியூர்க்காரரான இந்த சார் முதலாளியாக இருக்கட்டும், பார்த்தாலும் அப்படித்தான் இருக்காக என்று என்னைக் காட்டினார். தேவசகாயம் என் முகத்தைப் பார்த்தான். வசனம் எழுதியவனே தளர்ந்துவிட்டது தெரிந்தது. எனக்கு ஒரு வரிகூடத் தெரியாது என்று சொல்லிவிட்டேன்.

கருப்பையா மேடைக்குக் கீழே நின்றிருந்தான். தேவசகாயத்தைப் பார்த்து, சத்தம் போடாமல் சொன்னான்.

"அண்ணாச்சி, அடிமையா நடிக்க எனக்கு ஒத்திகையே வேணாம். முதலாளியா நடிக்கத்தான் ரெண்டு மாசமாப் பழகுறேன். நீங்க எறக்குனா எறக்குங்க. நானா எறங்க மாட்டேன்."

செல்வம் அப்பாவைப் பார்க்காமலேயே சொன்னான்: "அவன் இல்லன்னா நானும் இல்ல."

பெரியசாமி மேடைப் பக்கம் திரும்பினார். மேடையிலிருந்த நாற்காலி அவர் வீட்டுத் தேக்கு நாற்காலி. இரண்டு ஆட்களை விட்டு அதைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். இனி அவர் தெருவில் வேறு எந்த வீட்டிலும் நாற்காலி தரமாட்டார்கள் என்று எல்லோருக்கும் புரிந்தது. செல்வம் சைக்கிளை எடுத்துக்கொண்டு சின்னமனூருக்குப் போனான். ஒரு மணிக்குத் திரும்பியபோது கேரியரில் மைக்செட் கடை இரும்பு நாற்காலி ஒன்று கயிற்றால் கட்டியிருந்தது.

நான்கு மணிக்குக் களம் நிறைந்துவிட்டது. நடுவே ஒரு வடக்கயிறு. இந்தப் பக்கம் ஒரு தெரு, அந்தப் பக்கம் இன்னொரு தெரு. செல்வத்தின் அம்மா முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். பெரியசாமி கடைசியில், கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார்.

கருப்பையா கறுப்புக் கோட்டும் அட்டைத் தொப்பியுமாக வந்தான். உடனே உட்காரவில்லை. நாற்காலியின் முதுகில் கையை வைத்தபடி கூட்டத்தை ஒருமுறை பார்த்தான். பிறகு உட்கார்ந்து, கால்மேல் கால் போட்டு, "ஏலே, இங்கன வா" என்றான்.

ஒரு வரிசை ஆண்கள் எழுந்து வேட்டியை உதறிக்கொண்டு போனார்கள். பின்னாலிருந்து ஒரு மண்கட்டி பறந்து வந்து மேடை விளிம்பில் உடைந்தது. நல்ல வெயில். எறிந்தவனை மொத்தக் கூட்டமும் திரும்பிப் பார்த்தது. அவன் ஆற்றைப் பார்க்க ஆரம்பித்தான். இரண்டாவது கட்டி வரவில்லை.

அடிமையின் தாயை முதலாளி விலைபேசி விற்கிற காட்சியில், கயிற்றுக்கு இரண்டு பக்கமும் பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். கடைசிக் காட்சியில் தப்பிய அடிமை வடக்கே ஒரு மண்டபத்தில் நின்று பேசுகிறான். வெளியே கூச்சல், கல்லெறி. அவன் நிறுத்தவில்லை. செல்வத்துக்குக் குரல் கட்டிப்போய், கடைசி வரிகள் காற்றாகத்தான் வந்தன. ஆனாலும் முழுவதையும் சொல்லி முடித்தான். கைதட்டல் முதலில் காலனிப் பக்கமிருந்துதான் எழுந்தது. இந்தப் பக்கம் செல்வத்தின் அம்மா தட்டினார். பிறகு சில பேர். எல்லோரும் இல்லை.

ராத்திரி அந்த ஊரிலேயே தங்கினோம். மறுநாள் காலை ஏழு மணிக்குச் செய்தி வந்தது. கருப்பையா இனிக் கொடிக்காலுக்கு வர வேண்டாம். செல்வமே வந்து சொன்னான். அப்பா தன்னோடு பேசவில்லை என்றான். ஆனால் ராத்திரி அம்மாவிடம், "அந்தப் பய குரலு நல்லாத்தான் இருந்துச்சு" என்று சொன்னாராம். குரல் நன்றாக இருந்ததைச் சொல்லத் தெரிந்த மனிதர்தான் காலையில் வேலையையும் நிறுத்தினார். இதை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை, நடந்தபடி எழுதுகிறேன்.

சின்னமனூர் வரை கருப்பையாவும் எங்களோடு வந்தான். கம்பத்தில் அவன் அக்கா வீட்டுக்காரர் திராட்சைத் தோட்டத்தில் வேலை பார்க்கிறார்; அங்கே போகிறான். தேனிக் கடையில் வேலை தருவதாகத் தேவசகாயம் சொன்னான். கருப்பையா சிரித்தான்.

"வேல அங்கன கெடைக்கும் அண்ணாச்சி. அடுத்த மாசம் கடமலைக்குண்டுல நாடகம் போடக் கேட்டுருக்காகள்ல, அதுக்கு நான் வந்துருவேன். என் வேசத்த மட்டும் யாருக்கும் குடுத்துராதீக."

தேவசகாயம் தலையசைத்தான். முந்தின நாள் தளர்ந்தவன் அவன்தான் என்று நம்ப முடியாத தலையசைப்பு. கம்பம் பஸ் முதலில் வந்தது.

மாலையில் தேனியில் ரயிலேறினேன். கையில் நாடகத்தின் பிரதி ஒன்று. எங்கள் ஊரிலும் பெரிய களம் இருக்கிறது, கயிறு கட்டாமலே இரண்டு பக்கம் இருக்கிறது. அங்கே இதைப் போட்டால் முதலாளிக்கு யார் என்று யோசித்தேன். ஆண்டிபட்டி வருவதற்குள் ஆள் கிடைத்துவிட்டான். எங்கள் வயலில் ஏர் ஓட்டுகிற கோவிந்தன், தெருக்கூத்தில் பாடுகிறவன், கேட்டால் மறுக்கமாட்டான். அடிமையாக அவன் முன்னால் கைகட்டி நிற்க எங்கள் தெருவில் யார் வருவார்கள்? ஒவ்வொரு வீடாக மனசுக்குள் ஏறி இறங்கினேன். உசிலம்பட்டி போயிற்று. யாரும் தேறவில்லை.

மதுரை வெளிச்சம் தெரிந்தபோது பிரதியைப் பிரித்து, அடிமையின் முதல் வசனத்தை மனப்பாடம் செய்ய ஆரம்பித்தேன்.