வாப்பாவின் மறதி

வளைகுடா யுத்தம் நடந்த மாரியில் உம்மா எனக்கு ஒரு வேலை தந்தார். சனிக்கிழமைகளில் ஃபாரஸ்ட் கேட் பள்ளிவாசலில் நான் குர்ஆன் ஓதி முடிந்ததும் வாப்பா என்னை பஸ்ஸில் வீட்டுக்குக் கூட்டிவருவார். அப்போது அவருடைய வெள்ளைத் தொப்பி தலையிலிருந்து கோட்டுப் பைக்குள் போய்விட்டதா என்று நான் பார்க்க வேண்டும்.

"ரோட்டில இறங்க முதல் கழட்டோணும். அவர் மறந்துபோவார், நீதான் சொல்லோணும்."

ஏன் என்று நான் கேட்கவில்லை. முந்தின வாரம்தான் பள்ளிவாசலின் ஜன்னலுக்கு யாரோ கல்லெறிந்திருந்தார்கள். உடைந்த இடத்தில் அட்டை ஒட்டியிருந்தது. எனக்கு எட்டு வயது. ஒரு வாரம் பயப்பட அந்த அட்டை போதும். யாழ்ப்பாணத்தில் இதே தொப்பியோடு சந்தையில் மீன் விலை பேசிய மனிதர், இந்த வெள்ளைக்கார ஊரில் அதை மூக்குத் துடைக்கும் கைலேஞ்சி போல மடித்து வைத்துக்கொண்டார்.

ஒரு சனிக்கிழமை நல்ல மழை. பஸ் வந்துவிட்டதென்று இருவரும் ஓடினோம். உட்கார்ந்த பிறகுதான் பார்த்தேன், தொப்பி தலையிலேயே இருந்தது. பின்னால் இரண்டு வெள்ளைக்காரப் பையன்கள். யுத்தச் செய்தியில் தினமும் வரும் பெயரைச் சொல்லி ஒருவன் வாப்பாவைக் கூப்பிட்டான். வாப்பா திரும்பவில்லை. சீட்டில் ஏறி நின்று, தொப்பியைப் பிடுங்கி என் ஜம்பருக்குள் திணித்தேன். பையன்கள் கைதட்டினார்கள்.

வாப்பா வெறுந்தலையைத் தடவிப் பார்த்தார்.

"தா மகள்."

"வீட்டை போய்த் தாறன் வாப்பா."

அவர் இறங்கும்வரை ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆவி படிந்த கண்ணாடியில் வெளியே ஒன்றும் தெரியவில்லை.

உம்மா என்னைக் கட்டிப்பிடித்து, "என்ர கெட்டிக்காரி" என்றார். வாப்பா தொப்பியை வாங்கிக் கழுவி, ஹீட்டரில் காயப்போட்டார். அதில் ஓர் அழுக்கும் இருக்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை பள்ளிவாசல் வாசலிலேயே ஞாபகப்படுத்தினேன்.

"வாப்பா, தொப்பி."

"ஓம், ஓம்."

கை பைக்குள் போனது. பஸ் காசை எடுத்துக்கொண்டு வெளியே வந்தது. பஸ்ஸில் காதுக்குள் மறுபடி சொன்னேன்.

"அட, மறந்துபோனன்" என்றார். ஆனால் கழற்றவில்லை. எல்லோருக்கும் தெரியும்படி முன் சீட்டில் நிமிர்ந்து இருந்தார். நான் அவருடைய கோட்டைப் பிடித்தபடி, ஏறுகிற ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தேன். அதற்கடுத்த வாரமும் இதே கதைதான்.

பொறுக்க முடியாமல் உம்மாவிடம் முறையிட்டேன்.

"வாப்பாக்கு மறதி கூடிப்போச்சு. டொக்டரிட்டக் காட்டோணும்."

உம்மா வாப்பாவைப் பார்த்தார். வாப்பா குனிந்து புட்டைக் குழைத்துக்கொண்டிருந்தார்.

"ஓம், காட்டத்தான் வேணும்" என்ற உம்மா, அவருடைய சாப்பாட்டுக் கோப்பையில் இன்னொரு துண்டு மீன் வைத்தார்.

வீட்டில் ஒருவருக்கு இப்படி ஒரு நோய் வந்திருக்கும்போது, இந்த இரண்டு பேரும் மீன் சாப்பிடுகிறார்களே என்று எனக்கு அழுகை வந்துவிட்டது.