இடது குழாய்

பைனாகுலர் வாங்கப் போன கடையில்தான் என் வீட்டுக்காரருக்கு இடது கண் தெரியவில்லை என்பது எங்களுக்குத் தெரிந்தது. எங்களுக்கு என்றால் எனக்கு மட்டுமில்லை, அவருக்கே அப்போதுதான் தெரியும். இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. ஒரு மனுஷனுக்குத் தன் கண் போனது தெரியாமல் இருக்குமா என்று என்னையே திருப்பிக் கேட்கிறார்கள். இருக்கும். நான் பக்கத்தில் நின்று பார்த்தவள்.

அவருக்கு வண்டி ஓட்டுவதுதான் தொழில். சொந்தமாக ஒரு மினி லாரி. பாலக்கோடு மண்டியில் தக்காளி ஏற்றி, தருமபுரி வழியாகத் தொப்பூர் கணவாய் இறங்கி, சேலத்தில் கொண்டுபோய் இறக்குவார். தொப்பூர் இறக்கத்தைப் பற்றி எங்கள் பக்கத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. பிரேக் பிடிக்காத லாரி ஒன்று முன்னால் போகிற நாலு வண்டியை நசுக்கிவிட்டு நிற்கும் இடம் அது. அந்த இறக்கத்தில் தினமும் போய் வருகிறவர்.

பைனாகுலர் கேட்டது நான். எங்கள் வீடு ஏரிக்கு இந்தக் கரை, மாந்தோப்பு அந்தக் கரை. மாடியில் நின்றால் தோப்பு தெரியும். ஆனால் மரத்தடியில் அசைவது குரங்கா ஆளா என்பது தெரியாது. குரங்கென்றால் வெடி எடுத்துக்கொண்டு போக வேண்டும். ஆளென்றால் என் வாயே போதும். எது என்று தெரியாமல் ஏரியைச் சுற்றிக்கொண்டு ஓடி ஓடி முழங்கால் தேய்ந்ததுதான் மிச்சம். காய் பறிக்கும் பருவம் வருவதற்குள் ஒன்று வாங்கிவிட வேண்டும் என்று நச்சரித்துக்கொண்டே இருந்தேன்.

முதலில், ஓசூரில் கட்டிக்கொடுத்த மகள் போனிலேயே ஒன்று ஆர்டர் போட்டு அனுப்பினாள். அவர் மாடிக்குக் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

“இடது பக்கத்துக் குழாய் சரியில்ல. பொகை மூட்டம் போட்ட மாதிரி இருக்குது.”

நானும் வாங்கிப் பார்த்தேன். எனக்கு இரண்டு குழாயும் ஒரே மாதிரிதான் தெரிந்தது. ஆனால் என் கண்ணுக்கு என்ன மரியாதை? நான் சோடாபுட்டிக் கண்ணாடிக்காரி. அவர் ஐம்பதைத் தாண்டியும் கண்ணாடி போடாதவர். தூரத்தில் வருகிற பஸ்ஸின் போர்டை ஊரில் முதலில் படிக்கிறவர். அவர் மங்கல் என்றால் மங்கல்தான், எனக்குத்தான் வித்தியாசம் தெரியவில்லை என்று முடிவு கட்டினேன். மகளைக் கூப்பிட்டு, “திருப்பி அனுப்பிரு. ஒரு பக்கம் குருடுன்னு எழுதி ஒத்த ஸ்டார் குடு, அவனுங்களுக்குப் புத்தி வரட்டும்” என்றேன். அவளும் அப்படியே எழுதினாள்.

இனி கையில் எடுத்துப் பார்த்துத்தான் வாங்குவது என்று, லோடு போகிற ஒரு நாளில் நானும் அவரோடு வண்டியில் ஏறிக்கொண்டேன். தருமபுரியில் ஒரு சந்தில் வண்டியை நிறுத்தினோம். பின்னால் தக்காளிப் பெட்டிகள், மேலே தார்ப்பாய். வாட்ச், டார்ச் லைட், கேமரா என்று கலந்து கட்டி விற்கும் கடை அது. கடைக்காரர் நல்ல மாதிரியாகத்தான் பேசினார். பத்து மடங்கு பெரிதாகக் காட்டுவது வேண்டாம், கை நடுங்கினால் மரமும் சேர்ந்து ஆடும், எட்டு மடங்கே போதும் என்றார். கழுத்தில் மாட்டினால் அம்மிக்கல் மாதிரி தொங்குகிற ஒன்றையும், உள்ளங்கையில் அடங்குகிற ஒன்றையும், நடுத்தரமாக ஒன்றையும் எடுத்து வைத்தார்.

நான் வாசலில் நின்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எதிர் வரிசை பேக்கரியின் கண்ணாடிப் பெட்டிக்குள் பன்மேல் உட்கார்ந்திருந்த ஈ வரைக்கும் தெரிந்தது. தெருக்கோடியில் நின்ற பஸ் ஜன்னலில் ஒருத்தி யாரையோ திட்டிக்கொண்டிருந்தாள், உதடு அசைவது தெரிந்தது. எனக்கு ஒரே சந்தோஷம்.

என் வீட்டுக்காரர் முதலாவதை வாங்கிப் பார்த்தார். “இடது குழாய் மசமசன்னு இருக்குதுங்க.”

கடைக்காரர் துணி எடுத்துத் துடைத்துக் கொடுத்தார். அப்படியேதான் இருக்கிறது என்றார் இவர். இரண்டாவதை எடுத்தார். அதிலும் இடது குழாய். மூன்றாவதிலும் இடது குழாய். எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ.

“ஏங்க, பாலக்கோட்டுல இருந்து வந்த சனம்தானேன்னு இருக்கற சொத்தையெல்லாம் எங்க தலையில கட்டப் பாக்கறீங்களா?”

“அம்மா, நானும் பாத்தேன், நீங்களும் பாத்தீங்க. ரெண்டும் பளிச்சுனுதானே இருக்குது?”

“என் கண்ண விடுங்க. அவரு வண்டி ஓட்டற கண்ணு. அவரு சொன்னா சொன்னதுதான்!”

அந்த வார்த்தையை நான் சத்தமாகவே சொன்னேன். பக்கத்துக் கடையிலிருந்து ஆள் எட்டிப் பார்த்தது.

அதோடு விட்டேனா? கடைக்காரர் வாயை அடைக்க ஒரு வழி செய்தேன். மூன்றாவது பைனாகுலரை அடிப்பக்கம் மேலே வரும்படி புரட்டி என் வீட்டுக்காரர் கையில் கொடுத்தேன். இப்போது அந்த இடது குழாய் அவருடைய வலது கண்ணுக்கு வந்துவிடும். குழாய் கெட்டது என்றால் எந்தக் கண்ணுக்கு வைத்தாலும் மங்கல்தானே? மங்கல் என்று அவர் சொன்னதும் கடைக்காரரை ஒரு பிடி பிடிப்பதற்காகக் காத்திருந்தேன்.

அவர் பார்த்தார். “இப்ப அந்தக் குழாய் நல்லாருக்குது. இந்தாண்டக் குழாய்தான் கெட்டுப்போயிருக்குது” என்றார்.

இந்தாண்டக் குழாய் என்றால், ஒரு நிமிஷம் முன்பு நன்றாக இருக்கிறது என்று அவரே சொன்ன குழாய். பைனாகுலரை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, வலது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு பாருங்கள் என்றேன்.

பொத்தினார். பிறகு கடைக்காரர் பக்கம் திரும்பி, “கரண்டு போயிருச்சுங்களா?” என்று கேட்டார்.

தலைக்கு மேல் ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. டியூப்லைட் எரிந்தது. வாசலில் நல்ல வெயில். நான் அவருக்கு ஒரு முழ தூரத்தில் நின்றேன்.

“என்னைத் தெரியுதுங்களா?”

“சத்தம் கேக்குது. நெழலு மாதிரி என்னமோ இருக்குது. நீ எங்க நிக்கற?”

என் வாழ்க்கையில் அதற்கு முன்னும் பின்னும் அப்படி ஒரு அதிர்ச்சி எனக்குக் கிடையாது. சாவு வீட்டுக்குப் போயிருக்கிறேன், விபத்தைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். அதெல்லாம் நடந்து முடிந்த சங்கதி. இதுவோ தினமும் நடந்துகொண்டிருந்தது, எங்கள் கண்ணெதிரிலேயே. வண்டியின் இடது பக்கக் கண்ணாடி உடைந்து மாற்றியது, எங்கள் வீட்டுக் கேட்டின் இடது தூணில் பெயர்ந்த சிமெண்ட், ‘கவனம் எங்க போச்சு’ என்று நான் போட்ட சத்தம், எல்லாம் ஒன்றாகத் திரண்டு வந்தது. பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு அந்த வண்டியில் எத்தனை தடவை போயிருப்பேன்! கடைப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அவருக்கு அதிர்ச்சி கோபமாக வந்தது. தெருவில் இறங்கி விறுவிறுவென்று வண்டிக்கு நடந்தார். நான் பின்னாலேயே ஓடினேன்.

“லோடு ஏத்தியாச்சு. எறக்கிட்டு வந்து டாக்டரப் பாத்துக்கலாம். ஏறு.”

“இந்தக் கண்ண வெச்சுக்கிட்டா தொப்பூர் எறங்கறீங்க?”

“நேத்து எறங்கல? முந்தாநேத்து எறங்கல? இதே கண்ணுதானே?”

“அதைத்தாங்க நானும் சொல்றேன்” என்றேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. சாவியை அவர் கையிலிருந்து பிடுங்கி இடுப்பில் செருகிக்கொண்டேன். கல்யாணமான நாளிலிருந்து வண்டி விஷயத்தில் நான் தலையிட்டதே இல்லை. போகிற வருகிறவர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று நின்றேன்.

அவர் என்னைத் திட்டவில்லை. வண்டியின் முன் சக்கரத்தருகே குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். வலது கண்ணை மூடி, சந்துக்குள் வருகிற பைக்கைப் பார்த்தார். திறந்து பார்த்தார். மறுபடி மூடிப் பார்த்தார். அந்த முகத்தைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவரே போனை எடுத்து, தெரிந்த ஆக்டிங் டிரைவர் ஒருவரைக் கூப்பிட்டார். “ஒடம்பு சரியில்ல தம்பி, சேலம் வரைக்கும் வந்துட்டுப் போ” என்று மட்டும் சொன்னார்.

வந்த தம்பி ஸ்டியரிங்கில் உட்கார, நான் நடுவில், அவர் இடது கதவோரம். கணவாய் இறங்கும்போது நான் சாமி பெயரையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். “ரெண்டாவது கியர்லயே போகச் சொல்லு” என்று ஒரு தடவை சொன்னார், “தண்ணி வெச்சிருக்கியா” என்று ஒரு தடவை கேட்டார். இரண்டு தடவையும் முகத்தை என் பக்கம் திருப்பாமல், ரோட்டைப் பார்த்தபடியே பேசினார். சாவியைப் பிடுங்கிய கோபம் இன்னும் ஆறவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் கண் ஆஸ்பத்திரி. கண்ணுக்குள் அழுத்தம் கூடி நரம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிட்டது, வலி இருக்காது, இன்னொரு கண் ஈடு கொடுத்துக்கொண்டே வருவதால் தெரியாது என்றார் டாக்டர். போன பார்வை வராது. வலது கண்ணிலும் ஆரம்பித்திருக்கிறது, ஆனால் ஆயுசுக்கும் சொட்டு மருந்து விட்டால் அதைக் காப்பாற்றிவிடலாம். லாரி இனிமேல் கூடாது. அவர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார்.

“எப்ப இருந்து இப்படி?” என்று கேட்டார் டாக்டர்.

“தெரியலைங்க சார். எனக்கே நேத்துதான் தெரியும்.”

அந்த நேரத்தில்தான் எனக்கு உறைத்தது. வண்டியில் நான் எப்போதும் உட்காருவது அவருக்கு இடப்பக்கம், நேற்று மட்டும்தான் வலப்பக்கம். முன்பெல்லாம் அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டேதான் என்னோடு பேசுவார். சுவரோடு பேசுகிற மாதிரி இருக்கிறது என்று நான் எத்தனையோ தடவை சண்டை போட்டிருக்கிறேன். மகள் கல்யாணம் முடிந்து அவள் புறப்பட்டுப் போன பிறகு அது மாறியது. ஒரு வார்த்தை பேசுவதென்றாலும் முழு முகத்தையும் திருப்பி என்னைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார். “ரோட்டப் பாருங்க” என்று வாய் சொல்லும், உள்ளுக்குள் பூரித்துப் போவேன். இந்த வயசில் அவருக்கு என்மேல் எவ்வளவு ஆசை பார் என்று என் தங்கையிடம் பீற்றிக்கொண்டதுகூட உண்டு.

டாக்டர் பேனாவைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். சொல்லாமல் இருக்க முடியவில்லை.

“எங்க மக கல்யாணத்துல இருந்துங்க சார்” என்றேன்.

“அது எப்படிம்மா உங்களுக்கு அவ்வளவு நிச்சயமாத் தெரியும்?”

அவருக்கு இடப்பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். நான் ஏன் பதில் சொல்லவில்லை என்று பார்க்க, அவர் முழு முகத்தையும் என் பக்கம் திருப்பினார்.