மாரியம்மனுக்கு ஒரு ஹோட்டல் அறை

பயம் என்றால் என்னவென்று கந்தப்பனுக்குத் தெரிந்ததே ஒரு வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் சம்பளம் கொடுக்க ஆரம்பித்த பிறகுதான். அதுவரை தெமோதரை ஸ்டேஷன் வாசலில் ஆட்டோ வைத்திருந்தார். பிரேக் சரியாகப் பிடிக்காத வண்டியில் வளைவு வளைவாக இறங்கும்போதும் பாட்டுப் பாடிக்கொண்டு வரும் ஆள். வெள்ளைக்காரர்களை ஏற்றி இறக்கியே ஆங்கிலம் பழகிவிட்டார். அந்த ஆங்கிலத்தை நம்பி அந்த மனிதரையே ‘இடர் இணைப்பாளர்’ ஆக்கினார்கள். இந்தக் கூத்தை எங்கே போய்ச் சொல்வது!

ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்தில் அவர் பிறந்து வளர்ந்த லயத்து வரிசை வீடுகளில் மூன்று மாணவர்கள் தங்கிப் படிக்க வந்திருந்தார்கள். அவர்களுக்கு ஒன்றும் ஆகக் கூடாது. ஏதாவது ஆகிவிட்டால் பெற்றோர் வழக்குப் போடுவார்கள், பல்கலைக்கழகம் கோர்ட்டில் நிற்கும். இதைப் பார்த்துக்கொள்ளவே கூட வந்திருந்த ஹெலன் அம்மா, காலையில் ஒரு தடவையும் மாலையில் ஒரு தடவையும் கந்தப்பனிடம், “இன்றைக்கு என்ன ஆபத்து?” என்று கேட்பார். கேட்டால் சொல்ல வேண்டாமா? அவரும் தேடித் தேடிச் சொன்னார். அட்டை. காட்டுப்பன்றி. பாசி பிடித்த படி. மனைவி ஜெயந்தினி இடிக்கும் மிளகாய்க் கட்டசம்பல். படிக்கு உடனே இரும்புக் கைப்பிடி வந்தது.

ஜெயந்தினி அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “என்னங்க, நம்ம கௌசிகா நடக்கப் பழகுனதே இந்தப் படியிலதான். ரெண்டு பல்லு போனதும் இங்கதான். அப்ப எங்க போச்சு இந்தக் கம்பி?” என்றாள். கந்தப்பனுக்குச் சுருக்கென்றது.

இந்த நேரத்தில் தோட்டத்து மாரியம்மன் திருவிழா வந்தது. மாணவர்கள் கரகத்தோடு நடக்க ஆசைப்பட்டார்கள். “கூட்டத்தில் ஏதாவது ஆகிவிட்டால்? உங்கள் ஊரில் அதற்கு என்ன செய்வீர்கள்?” என்று கேட்டார் ஹெலன். இதென்ன பெரிய விஷயம் என்று கந்தப்பன் பூசாரி அழகையாவைக் கூட்டி வந்து, மூன்று பேர் கையிலும் மஞ்சள் கயிற்றில் காப்புக் கட்டவைத்தார். ஹெலனும் ஆசையாகக் கையை நீட்டினார். அம்மனே பொறுப்பெடுத்துக்கொண்டாள் என்று அன்றைக்குத்தான் கந்தப்பன் நிம்மதியாகத் தூங்கினார்.

காப்புக் கட்டியவர்கள் திருவிழா முடியும்வரை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது என்பது தோட்டத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அதனாலேயே அதை ஹெலனிடம் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

மறுநாள் மழை பிடித்தது. விட்டால்தானே? லயத்துக்குப் பின்னாலிருந்த மேட்டில் வெடிப்பு விட்டது. மண்சரிவு அபாயம், இடம்பெயருங்கள் என்று அறிவிப்பு வந்தது. அடுத்த மணி நேரத்தில் பல்கலைக்கழகம் அனுப்பிய சொகுசு பஸ் கோயிலடியில் வந்து நின்றது. காப்புறுதி, அதாவது இன்சூரன்ஸ், இருப்பவர்களுக்கு மட்டும். நாலு பேருக்கு ஐம்பது சீட். லயத்து ஆட்களுக்கு ஸ்கூல் மண்டபம் என்றார்கள். அந்த மண்டபமும் அதே மேட்டுக்கு அடியில்தான் இருந்தது.

அழகையா பஸ்ஸுக்கு முன்னால் வந்து நின்றார். “காப்புக் கட்டுன கையோட எல்லையத் தாண்டுனா தெய்வக் குத்தம். நா விட மாட்டேன்.”

ஹெலன் தன் நாட்டு வக்கீலுக்குப் போன் போட்டு ஒலிபெருக்கியில் வைத்தார். மலை விழுவதைக்கூட வக்கீல் அவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஊர்ச் சமயத்தைப் பல்கலைக்கழகம் அவமதித்தது என்று வழக்கு வந்தால்? அதற்குத்தான் அவர் குரல் நடுங்கியது. வேறு வழியே இல்லையா என்று கேட்டார்.

அழகையா யோசித்தார். “அம்மா எங்க போறாளோ எல்லையும் அங்க போகும். கரகத்த எடுத்துட்டுப் போலாம். ஆனா காப்புக் கட்டுன ஒருத்தர விட்டுட்டும் அவ நகர மாட்டா.”

கந்தப்பன் இதை மொழிபெயர்த்தார்.

“எத்தனை பேருக்குக் கட்டியிருக்கிறது?” என்றார் வக்கீல்.

ஐந்து பேருக்குத்தான். நாலு விருந்தாளி, ஒரு பூசாரி. கந்தப்பன் லயத்தைப் பார்த்தார். தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்ற ஜெயந்தினியைப் பார்த்தார். அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டு கௌசிகா. அட்டையை ஆபத்து என்று சொன்ன வாய், இந்த மேட்டை ஒரு நாளும் சொல்லவில்லையே!

“லயத்துல எல்லாருக்கும் கட்டியிருக்கு, சேர்,” என்றார்.

வக்கீல் பெருமூச்சு விட்டார். அப்படியானால் எல்லாருமே திட்டத்தில் பங்கேற்பவர்கள்தான், எல்லாரையும் ஏற்றுங்கள், இன்னும் பஸ் அனுப்பச் சொல்கிறேன் என்றார். கந்தப்பன் ஓடினார். அழகையாவிடம் மஞ்சள் தீர்ந்து, ஜெயந்தினி குழம்புக்கு வைத்திருந்த தூளைக் கொட்டினாள். அழகையா பொய்யென்று தெரிந்தும் மறு பேச்சில்லாமல் கட்டிக்கொண்டே போனார். ஆட்டுக்குட்டிக்குக்கூட ஒன்று விழுந்தது.

பண்டாரவளை ஹோட்டலில் அம்மனுக்குத் தனி அறை. பெயர், நாடு, வயது சொல்ல வேண்டுமாம். “வயசு கேக்கக் கூடாது,” என்று அழகையா முறைத்தார். வாசலில் வேப்பிலை கட்டி எல்லை போட்டார்கள். வெந்நீர்க் குழாய்க்குப் பெரிய வரிசை நின்றது. தரை ஆடாது, சுவர் ஒழுகாது என்று தெரிந்தும் ஜெயந்தினி செருப்பைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டே தூங்கினாள்.

மலை விழவில்லை. மழை விட்டது, அறிவிப்பைத் தளர்த்தினார்கள். ஹோட்டலிலேயே அம்மன் முன் பூசை வைத்துக் காப்பை அவிழ்த்துக்கொண்டு விருந்தாளிகள் விமானம் ஏறினார்கள். மற்றவர்களைக் கரகத்தோடு பஸ் லயத்தில் இறக்கிவிட்டுப் போனது. வெடிப்பு அப்படியே இருந்தது. வேறு வீடு தருவதாக யாரும் சொல்லவில்லை.

திருவிழாவின் கடைசி நாள் மஞ்சள் நீராட்டு முடிந்து காப்பு அவிழ்க்க வரச் சொன்னார் அழகையா. வரிசையில் முதல் ஆள் கந்தப்பன். கையை நீட்டவில்லை. பின்னால் ஜெயந்தினி கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள். அவளுக்குப் பின்னாலும் ஒரு கை வெளியே இல்லை. அழகையா தன் கையைப் பார்த்தார். பிறகு கத்தரியை மடியில் செருகிக்கொண்டார்.

அப்போது போன் வந்தது. ஹெலன்தான். எல்லாருடைய காப்பும் அவிழ்ந்தால்தான் பொறுப்பு முடிந்ததென்று கோப்பை மூடலாமாம், வக்கீல் நச்சரிக்கிறாராம். “திருவிழா முடிந்துவிட்டதா, கந்தப்பன்?”

கந்தப்பன் லயத்துக்கு மேலே பார்த்தார்.

“இன்னும் இல்லீங்க மேடம்,” என்றார். “மலை அங்கயேதான் இருக்கு.”