பூனாகலை உச்சியில் ஒரு கூடையும் மைக்கும்

காற்றைப் பிடித்துக் கட்டு என்றால் யாரால் முடியும்? சினிமாவுக்கு ஒலிப்பதிவு செய்கிறவனிடம் மட்டும் கூசாமல் கேட்பார்கள். அறுபதாம் ஆண்டு வாக்கில், ஓர் ஆடி மாத ஞாயிற்றுக்கிழமை, பூனாகலைத் தோட்டத்து மலை உச்சியில் என்னிடம் கேட்டார்கள்.

தேயிலைத் தோட்டத்தைப் பற்றிய படம். கொழும்பிலிருந்து வந்த டைரக்டருக்குச் சாவுக் காட்சிக்குத் தப்புப் பறையின் சத்தம் வேண்டும். தொழிலாளர் குடியிருக்கும் லயத்து முற்றத்தில் பதியலாம், அங்கே காற்று அண்டாது என்றேன். "சத்தம் மலையில மோதித் திரும்பணும். மேலதான் வேணும்" என்றார். கையை வீசிக்கொண்டு ஏறினார். ரெக்கார்டரை யார் தூக்கினார்கள் என்று கேட்காதீர்கள்.

தோட்டத்தில் தப்பைச் சும்மா தட்ட முடியாது. விடியற்காலையில் பெரட்டுக்கு, அதாவது வேலைக்குப் பேர் கொடுக்க, ஆள் கூப்பிட ஓர் அடி, திருவிழாவுக்கு ஓர் அடி, சாவுக்கு ஓர் அடி. கேட்ட மாத்திரத்தில் சனத்துக்குத் தெரியும். அடிக்க வந்தவரோ தயங்கினார். அவருடைய அண்ணன் பதுளை ஆஸ்பத்திரியில் மோசமாகக் கிடந்தார்.

"மதினி காதுல விழுந்தா உசுரே போயிருங்க. படத்துக்கு ஒரே ஒரு வாட்டிதான் அடிப்பேன், பயப்படாதீங்கன்னு எல்லா லயத்துக்கும் சொல்லி அனுப்பிட்டேன். ஒரு வாட்டிதாங்க."

ஒரே வாட்டி! அப்படியானால் மைக்குக்கு எதைப் போர்த்துவது என்பதில்தான் எல்லாம் இருந்தது. கைக்குட்டையைச் சுற்றிப் பேசிப் பார்த்தேன். காற்று துணியோடு சேர்த்து மைக்கின் முகத்தில் அறைந்தது. கொழுந்து பறிப்பவர்கள் போர்த்தும் கம்பளியை இரவல் வாங்கிப் போட்டேன். இரைச்சல் அடங்கியது, என் குரலும் கூடவே அடங்கியது. துணி மைக்கைத் தொடக்கூடாது, நடுவில் இடைவெளி வேண்டும், அரை மணி நேரம் தாருங்கள் என்றேன்.

"தொரை பங்களாவுல சாப்பாட்டுக்குக் கூப்பிட்டிருக்காங்கய்யா. கைக்குட்டையே போதும்!" என்றார் டைரக்டர்.

சாப்பாடுதான் பெரிது. தப்பு அடிக்கப்பட்டது. டேப்பை ஓட்டிக் கேட்டால் புயல்தான் இருந்தது, தப்பு எங்கோ ஒரு மூலையில் முனகியது. சொன்னேனே, படித்துப் படித்துச் சொன்னேனே என்று தலையில் அடித்துக்கொண்டேன்.

இப்போது மட்டும் அரை மணி நேரம் கிடைத்தது. உடைந்த கொழுந்துக் கூடை ஒன்றைத் தேடி எடுத்து, மைக்கை அதன் நடுவில் எங்கும் படாமல் கயிறு கட்டித் தொங்கவிட்டேன். கோயிலுக்குப் போகும்போது கட்டப் பையில் வைத்திருந்த மெல்லிய மல் வேட்டியைக் கிழித்துக் கூடையைச் சுற்றி இழுத்துக் கட்டினேன். பேசிப் பார்த்தேன். அப்பாடா! காற்றே இல்லாத அறைக்குள் பேசியதுபோல் இருந்தது.

"ம், அடிப்பா" என்றார் டைரக்டர்.

"ரெண்டாவது வாட்டி அடிச்சா நெசம்னு நெனைச்சுருவாங்கய்யா!"

நான் பதுளைக் கச்சேரியில், அதாவது அரசாங்க அலுவலகத்தில், கிளாக்கராக இருந்த யாழ்ப்பாணத்தாரின் மகன். வாய் சும்மா இருக்காது. "ஆளனுப்பிச் சொல்லிப்போட்டு அடிப்பம், சேர்" என்றேன்.

"ஒரு நிமிஷ வேலைக்கு ஆள் வேறயா? அடிக்கிறியா, தொரைகிட்டச் சொல்லவா?"

அவர் அடித்தார்.

ஒவ்வோர் அடியும் கணீரென்று விழுந்தது. தப்பு ஓய்ந்ததும், மலையில் மோதித் திரும்புவது அடங்கட்டும் என்று டேப்பை ஓடவிட்டேன். அப்போதுதான் சரிவிலிருந்து அந்தக் குரல் வந்தது.

"ஐயோ, ஏ ராசா! போயிட்டீங்களா!"

அண்ணன் மனைவி லயத்தில் இருப்பார் என்று நினைத்தோம். பாதி மலையில் விறகு பொறுக்கிக்கொண்டிருந்திருக்கிறார். முதல் தப்புக்குத் தலை நிமிரவில்லையாம். இரண்டாவதற்கு விறகைப் போட்டுவிட்டு, அலறிக்கொண்டே முள்ளும் கல்லும் பாராமல் ஏறி வந்தார்.

"இருக்காரு மதினி! காலைல பாத்துட்டுத்தான் வந்தேன். இது படத்துக்கு!" என்று கொழுந்தன் காலில் விழாத குறையாகக் கெஞ்சினார்.

"இருக்காகளா? சத்தியமா இருக்காகளா?" என்று கேட்டுக் கேட்டு, அவர் தோளில் கை வலிக்கும்வரை அடித்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

டைரக்டர் என் காதருகே வந்தார். கண் பளபளத்தது. "அந்தக் கத்தல் விழுந்திருக்காய்யா? நடிச்சா வருமா அது! படத்துல அதைத்தான் வைக்கப்போறேன். இரு, கேமராக்காரனைக் கூட்டிட்டு வர்றேன்" என்று ஓடினார்.

டேப்பைப் பின்னால் சுற்றிக் கேட்டேன். தப்பும் அலறலும் துல்லியமாக இருந்தன. வெளியில் அதைவிட நன்றாக நான் எதையும் பதிந்ததில்லை.

மறுபடி பின்னால் சுற்றினேன். வேட்டித் துணியை அவிழ்த்து, மைக்கைக் கூடையிலிருந்து எடுத்து, காற்று வந்த பக்கம் நேராக நீட்டிப் பிடித்துக்கொண்டு, டேப்பில் அதே இடத்தின் மேல் காற்றைப் பதிந்தேன். கை மரத்துப்போகும்வரை பிடித்திருந்தேன்.

டைரக்டர் திரும்பியபோது மதினியும் கொழுந்தனும் பதுளை ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டுப் போயிருந்தார்கள், தப்பும் அவர்களோடு போயிருந்தது. ஹெட்போனை வாங்கிக் காதில் வைத்தார். முகம் கோணியது.

"என்னய்யா இது, வெறும் இரைச்சல்!"

"காத்து, சேர்" என்றேன். "மேலதான் வேணுமெண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்."