கொலை நாவலும் கசந்த குழம்பும்

எனக்குப் படிப்பு ரெண்டாங்கிளாஸோட சரி. மேனாம்பேட்டு ஊட்ல மருமவ செல்விதான் நாவலெல்லாம் சத்தமா படிச்சிக் காட்டுவா. அன்னிக்குக் கொலை நாவல். அதுல ஒரு மருமவ மாமியாருக்குக் குழம்புல விஷம் வெக்கிறா. இன்னா எழுத்து! கண்ணு முன்னால நடக்குற மாறியே கீது.

குழம்பு தாளிச்சிக்கினே படிச்சி முடிச்சவ, எனக்குச் சோறு போட்டா. வாயில வெச்சேன், ஒரே கசப்பு. அந்தக் கதை மாமியார் ஞாபகம் வந்து தட்டைத் தள்ளி வெச்சேன்.

"இன்னாடி போட்ட இதுல?"

அவளும் ருசி பாத்துட்டு நாக்கைக் கடிச்சா. "ஐயோ அத்தே, கதை ஜோர்ல வெந்தயத்தைக் கருக்கிட்டேன்!"

"எழுதினவன் கெட்டிக்காரன்டி, என் உசுரைப் பாதி எடுத்துட்டான்!"

இப்போ வெங்காயம் உரிக்கறப்ப குடும்ப நாவல், அழுவுறது தெரியாது. துணி மடிக்கறப்ப காதல் நாவல், அலுக்கவே மாட்டேங்குது. கொலை நாவல் மட்டும் சாப்ட்டு கை கழுவினப்புறம்தான். ஆனாலும் குழம்புல மொத வாய் செல்விக்குத்தான்.